ரேஷியோ 38-க்குக் கீழே வந்தா வீட்டுக்கு அனுப்பிடலாமா? (ப்ரீஎக்லாம்சியா ரத்தச் சோதனை)

கேள்வி, மார்ச் 4, காலை

தங்கச்சிக்கு முதல் பிரசவம். இன்னிக்கு 31 வாரம். ரெண்டு நாளா தலைவலி, கால்ல நல்ல வீக்கம். ஆஸ்பத்திரியில பிரஷர் முதல்ல 142/90, நாலு மணி நேரம் வெச்சிருந்து பார்த்தப்ப 136/86. யூரின்ல புரதம் ட்ரேஸ், அதாவது லேசா. அப்புறம் நாங்க கேள்வியே படாத ஒரு ரத்த டெஸ்ட்: எஸ்ஃப்ளிட்-1, பிஎல்ஜிஎஃப், ரெண்டுக்கும் ரேஷியோ. 29-ன்னு வந்துச்சு. "38-க்குக் கீழ இருக்கு, வீட்டுக்குப் போங்க, மூணு நாள் கழிச்சு பிரஷர் பார்க்க வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. எங்க அம்மா காலத்துல இந்த மாதிரி இருந்தா அப்பவே அட்மிஷன்தான். ஒரே ஒரு நம்பரை நம்பி அனுப்புறது சரியா? என்னைக் கேட்டா இது பெட் காலி பண்ற வேலை.

பதில், மார்ச் 4, மதியம்

பெட் காலி பண்ற வேலையேதான். அதுக்குன்னே வந்த டெஸ்ட் இது. அதுல என்ன தப்பு?

நான் டாக்டர் இல்லை. லேப்ல இந்த மெஷினை ஓட்டுறவ. அதனால நம்பரைப் பத்தி மட்டும் பேசுறேன்.

38-ங்கிற கோடு ப்ராக்னோசிஸ்னு ஒரு ஆய்விலேருந்து வந்தது, 2016-ல வெளியானது. ப்ரீஎக்லாம்சியாங்கிறது கர்ப்பத்துல பிரஷர் ஏறி கிட்னி, கல்லீரல்னு உறுப்புகளைப் பாதிக்கிற நோய். "அதுவா இருக்குமோ"ன்னு சந்தேகப்பட்ட பெண்களை மட்டும் எடுத்தாங்க, 24 வாரத்துலேருந்து 37 வாரத்துக்கு முன்னால வரைக்கும். ரேஷியோ 38 அல்லது அதுக்குக் கீழ இருந்தவங்கள்ல 99.3 சதவீதம் பேருக்கு அடுத்த ஒரு வாரத்துல அந்த நோய் வரலை. உங்க டாக்டர் சாய்ஞ்சிருக்கிறது இந்த நம்பர் மேலதான். பிரஷரும் யூரின் டிப்ஸ்டிக்கும் மட்டும் வெச்சு இவ்வளவு உறுதியா "இப்போ இல்லை"ன்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஒண்ணையும் மறைக்க வேண்டாம்: அந்த ஆய்வுக்குப் பணம் போட்டது மெஷின் தயாரிக்கிற ரோஷ் கம்பெனி. அதுக்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம், கண்ணை மூடிட்டு நம்பவும் வேண்டாம்.

மார்ச் 4, இரவு

"அது என்ன எஸ்ஃப்ளிட், வாயில நுழைய மாட்டேங்குது"ன்னு ஒருத்தர். சரி.

நஞ்சுக்கொடி வளர்றதுக்கும், தாயோட ரத்தக்குழாய் உள்சுவர் நல்லபடியா இருக்கிறதுக்கும் சில வளர்ச்சிக் காரணிகள் வேணும். பிஎல்ஜிஎஃப் அதுல ஒண்ணு, விஇஜிஎஃப் இன்னொண்ணு. இவை சாவி மாதிரி. ரத்தக்குழாய் செல்கள் மேல இருக்கிற பூட்டுல போய் உட்கார்ந்தாதான் வேலை நடக்கும். எஸ்ஃப்ளிட்-1 அதே பூட்டுதான், ஆனா கதவோட சேராம ரத்தத்துல மிதந்துட்டுத் திரியுது. சாவியெல்லாம் அதுல போய் மாட்டிக்குது. கதவு திறக்கிறதில்லை.

நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாப் போகாதப்ப அது இந்த மிதக்கிற பூட்டை அளவுக்கு மீறி உற்பத்தி பண்ணுது. கர்ப்பத் தொடக்கத்துல கர்ப்பப்பையோட சுருள் தமனிகள் அகலமாகணும். அது சரியா நடக்காம போறதுதான் பல பேருக்கு ஆரம்பப் புள்ளி. அப்புறம் எஸ்ஃப்ளிட் ஏறும், தனியாக் கிடைக்கிற பிஎல்ஜிஎஃப் இறங்கும். மேல ஏறுறதைக் கீழ இறங்குறதால வகுத்தா ரேஷியோ எகிறத்தான் செய்யும்.

2003-ல ஷரோன் மேனார்ட், ஆனந்த் கருமஞ்சி குழு எலிகளுக்கு இந்த எஸ்ஃப்ளிட்டை அதிகமாக்கிப் பார்த்தாங்க. பிரஷர் ஏறிச்சு, யூரின்ல புரதம் போச்சு, கிட்னியில இந்த நோய்க்கே உரிய மாற்றம் வந்துச்சு. கர்ப்பமே இல்லாத எலிக்கும் வந்துச்சு! எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இது. விஇஜிஎஃப்-ஐத் தடுக்கிற கேன்சர் மருந்து வாங்குறவங்களுக்கும் பிரஷர் ஏறி யூரின்ல புரதம் போறது உண்டு. கதை பொருந்துதா?

அடுத்த வருஷமே இன்னொரு ஆய்வு: நோய் வெளியே தெரியறதுக்குச் சுமார் 5 வாரம் முன்னாலயே எஸ்ஃப்ளிட் ஏற ஆரம்பிக்குது. பிரஷர் மெஷின் கடைசியாத்தான் தெரிஞ்சுக்குது.

மார்ச் 5

"என் மாமியாருக்குப் பல வருஷமா பிரஷர், அவங்களுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா"ன்னு கேட்டவருக்கு: மாமியார் மாசமா இருந்தா எடுக்கலாம். இல்லேன்னா வேண்டாம்.

சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, அதுக்குள்ள ஒரு நல்ல கேள்வி இருக்கு. ஏற்கனவே பிரஷர் இருக்கிற, இல்லேன்னா கிட்னி கோளாறு, லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்) இருக்கிற பெண் கர்ப்பமானா? அவங்களுக்கு முன்னாடியே பிரஷர் 150, முன்னாடியே யூரின்ல புரதம். இது பழைய நோயா, மேல ப்ரீஎக்லாம்சியா வந்து உட்கார்ந்திருக்கான்னு டிப்ஸ்டிக்கால சொல்லவே முடியாது. இந்த டெஸ்ட் உண்மையிலேயே சம்பாதிக்கிற இடம் அதுதான்னு நான் நினைக்கிறேன். பழைய நோய் மட்டும்னா பிஎல்ஜிஎஃப் பெரும்பாலும் ஓரளவு நல்லாவே இருக்கும்.

மார்ச் 6

நாலாம் தேதி எழுதினதைத் திரும்பப் படிச்சேன். 99.3-ங்கிறதைப் படிச்சுட்டு யாரும் தலைவலியோட வீட்டுல படுத்துக்கக் கூடாது. அதனால இது.

அந்த 99.3 ஒரு வாரத்துக்குத்தான். பிரசவம் வரைக்கும் இல்லை. ரேஷியோ 29-ஆ இருந்தாலும் சரி, 9-ஆ இருந்தாலும் சரி: விடாத தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கிறது, பார்வை மங்குறது, வலது விலாவுக்குக் கீழ இல்லேன்னா நெஞ்சுக்குழியில வலி, மூச்சு வாங்குறது, திடீர்னு முகம் வீங்குறது, குழந்தை அசைவு குறையறது. இதுல எது வந்தாலும் கிளம்பிடணும். ராத்திரி ரெண்டு மணின்னாலும். "போன வாரம்தான் டெஸ்ட் எடுத்தோமே"ங்கிற வார்த்தையை அன்னிக்கு யாரும் சொல்லாதீங்க.

வீட்டுல பிரஷர் பார்க்கிறதா இருந்தா: அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும். முதுகு சாய்ஞ்சு, பாதம் தரையில, கை நெஞ்சு உயரத்துல. பேசக் கூடாது. பட்டை கைக்கு ஏத்த அளவுல இருக்கணும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை சுத்தினா இல்லாத பிரஷர் இருக்கிற மாதிரி காட்டும். 140/90 வந்தா டாக்டர்கிட்ட சொல்லணும், 160/110 வந்தா போன் பண்ணிட்டு இருக்காம ஆஸ்பத்திரி.

மார்ச் 9

"38-க்கு மேல வந்தா ப்ரீஎக்லாம்சியா உறுதி"ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்லியிருக்கார். இல்லை. அதே ஆய்வுல 38-க்கு மேல வந்தவங்கள்ல அடுத்த 4 வாரத்துக்குள்ள நோய் வந்தது 36.7 சதவீதம் பேருக்கு. மூணுல ரெண்டு பேருக்குக் கிட்ட அந்த 4 வாரத்துல வரலை. கீழே இருந்தா தைரியமா ஒரு வாரம், மேல இருந்தா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்க்கணும். அவ்வளவுதான் 38 சொல்றது.

நோய் இருக்குன்னே சொல்ற அளவுக்கு வேற கோடு. 34 வாரத்துக்கு முன்னால 85-க்கு மேல, அதுக்கப்புறம் 110-க்கு மேல. ரெண்டு கோடு ஏன்னா, சாதாரண கர்ப்பத்துலயே பிஎல்ஜிஎஃப் 30 வாரம் வாக்குல உச்சத்துக்குப் போய்ட்டு அப்புறம் தானா இறங்கும். எஸ்ஃப்ளிட் கடைசில தானா ஏறும். அதனால 37 வாரத்துக்கு மேல இந்த டெஸ்ட் எடுக்கிறதுல பெரிசா அர்த்தமில்லை. அப்போ நோய்னு முடிவாயிட்டா பிரசவம்தான், நம்பருக்காக யாரும் காத்துட்டு இருக்க மாட்டாங்க.

மறந்துடுவேன், இப்பவே: மெஷின் மாறினா கோடும் மாறும். அமெரிக்காவுல 2023 மே மாசம் எஃப்டிஏ (மருந்துக்கும் டெஸ்டுக்கும் அனுமதி கொடுக்கிற அரசு அமைப்பு) ஒத்துக்கிட்டது தெர்மோ ஃபிஷரோட டெஸ்ட். அதோட கோடு 40. கேள்வியும் வேற: ஏற்கனவே பிரஷரோட ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற, 23-லேருந்து 35 வாரத்துக்குள்ள இருக்கிற பெண்ணுக்கு ரெண்டு வாரத்துல நோய் தீவிரமாகுமா? பிஎல்ஜிஎஃப் மட்டும் பார்க்கிற டெஸ்டும் உண்டு. அதுல ரேஷியோவே கிடையாது. 100-க்கு மேல நல்லது, 12-க்குக் கீழ மோசம், தலைகீழா. ஒரு லேப் நம்பரை இன்னொரு லேப் கோட்டோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத் தூக்கம் கெடுறவங்களை வாராவாரம் போன்ல கேட்கிறேன்.

யூரிக் ஆசிட் டெஸ்ட் போதாதான்னு கேட்டவருக்கு: இன்னும் டாக்டர்கள் எல்லாரும் அதை எழுதுறாங்க, நாங்களும் ஓட்டுறோம். நோய் வந்தவங்களுக்கு அது ஏறும், வாஸ்தவம். வரப்போகுதான்னு முன்கூட்டியே சொல்ல அதை நம்ப முடியாது.

மார்ச் 11

லேப் கதை ஒண்ணு. தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே, ஆனா எங்கேயாவது எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா.

டியூப்ல வர்ற ரத்தத்தைச் சுழல விட்டா மேல சீரம் பிரியும். வைக்கோல் நிறத்துல, தெளிவா இருக்கணும். சில சமயம் ரோஸ் கலர்ல வரும். ஊசி சரியா ஏறலை, சிரிஞ்சை வேகமா இழுத்துட்டாங்க, டியூபைக் குலுக்கிட்டாங்க. சிவப்பணு உடைஞ்சு நிறம் இறங்கிடும். அப்படி வந்தா எல்டிஎச், ஏஎஸ்டி (ரெண்டும் செல் உடைஞ்சா வெளியே வர்ற என்சைம்), பொட்டாசியம் எல்லாம் பொய்யா ஏறும். அதனால "சாம்பிள் ரிஜெக்ட், மறுபடி அனுப்பவும்"னு போட்டுடுவோம். தினமும் நடக்கிறது, யாரும் யோசிக்கிறதில்லை.

ஒரு ராத்திரி பிரசவ வார்டுலேருந்து வந்த டியூப் ரோஸ். ரிஜெக்ட். மறுபடி வந்தது, அதுவும் ரோஸ், இன்னும் கொஞ்சம் அழுத்தமா. கூட இருந்த பையன் மறுபடி ரிஜெக்ட் பட்டனுக்குப் போனான். வேற கையில, வேற ஊசியில, வேற நர்ஸ் எடுத்தது. ரெண்டு தடவையும் ஒரே தப்பா? பிளேட்லெட் டியூபைப் பார்த்தா 64 ஆயிரம், ரொம்பக் குறைவு. ஸ்மியர் போட்டா, அதாவது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்தா, உடைஞ்ச சிவப்பணுத் துண்டுகள். ரத்தம் டியூப்ல உடையலை, அந்தப் பொண்ணு உடம்புக்குள்ளயே உடைஞ்சுட்டு இருக்கு.

ஹெல்ப்னு சொல்ற நிலை அது. சிவப்பணு உடையும், கல்லீரல் என்சைம் ஏறும், பிளேட்லெட் இறங்கும். ப்ரீஎக்லாம்சியாவோட கொடூரமான முகம். அங்கே எஸ்ஃப்ளிட் டெஸ்டுக்கு வேலையே இல்லை. "இந்த சாம்பிள் கெட்டுப்போனது இல்லை"ன்னு வார்டுக்கு ஒரு போன், அது போதும். அதுக்கப்புறம் எங்க பெஞ்ச்ல ஒரு பழக்கம்: பிரசவ வார்டு டியூப் ரோஸா வந்தா பேசாம ரிஜெக்ட் பண்றதில்லை, கூப்பிட்டுச் சொல்லிடுவோம்.

மார்ச் 12

"இவ்வளவு தெரிஞ்சவங்களுக்கு உங்க பிரசவம் சுளுவா இருந்திருக்கும்"னு ஒரு தோழி. எங்கே!

ஒன்பது மாசமும் பிரஷர் நார்மல். பிரசவம் நார்மல். வீட்டுக்கு வந்து நாலாம் நாள் தலைவலி. தூக்கமில்லாததாலன்னு நானே நினைச்சேன், பார்க்க வந்த எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. டிஸ்சார்ஜ் பேப்பர்ல தையலைப் பத்தி ஒரு பக்கம், பிரஷரைப் பத்தி ஒரு வரி இல்லை. ஒரு பெட்டி நிறைய தலைவலி மாத்திரை இருந்தது வீட்டுல. அண்ணி விளையாட்டா அவங்க மாமனார் மெஷினை எடுத்துக் கையில சுத்தினாங்க: 172/108. அப்புறம் வலிப்பு வராம இருக்க மக்னீசியம், அப்புறம் மூணு மாசம் பிரஷர் மாத்திரை.

குழந்தையும் நஞ்சும் வெளியே வந்தா தீர்ந்ததுன்னு எல்லாரும் சொல்லுவோம். பெரும்பாலும் சரி. ஆனா பிரஷர் பிரசவம் முடிஞ்சு 3-லேருந்து 6 நாளுக்குள்ள உச்சத்துக்குப் போகும், ஆறு வாரம் வரைக்கும் இந்த நோய் புதுசாவே தலைகாட்டலாம். எல்லாரும் குழந்தையைப் பார்த்துட்டு இருக்கிற நேரம்.

கேட்டவர், மார்ச் 18

இன்னிக்கு 33 வாரம். இடையில ரெண்டு தடவை பிரஷர் 130-க்குள்ளதான் இருந்தது. இன்னிக்கு 148/94, யூரின்ல 2 ப்ளஸ். ரேஷியோ 96. அட்மிட் பண்ணிட்டாங்க. "முன்னாடியே அட்மிட் பண்ணியிருந்தா தடுத்திருக்கலாம்"னு அம்மா அழறாங்க. அப்போ அந்த 29 பொய்யா?

மார்ச் 18, மாலை

பொய் இல்லை. அது ஒரு வாரத்துக்குச் சொல்லிச்சு, அந்த வாரம் ஒண்ணும் வரலை. இன்னிக்கு 85-ங்கிற கோட்டைத் தாண்டியாச்சு, பிரஷரும் யூரினும் அதையேதான் சொல்லுது. இனி நம்பரைப் பத்திப் பேச்சில்லை, வைத்தியம்.

அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க: படுக்கையில படுக்க வெச்சா இந்த நோய் நிக்காது. அந்த ரெண்டு வாரம் அவங்க ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துட்டுப் படுத்திருந்தாலும் இந்த 96 வந்திருக்கும்.

குழந்தை நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, 24 மணி நேர இடைவெளியில ரெண்டு. பயந்துடாதீங்க. பிரஷர் மாத்திரை தாயைப் பக்கவாதத்துலேருந்து காக்கிறதுக்கு, நோயைத் தீர்க்க இல்லை. வலிப்பு வராம இருக்க மக்னீசியம் சல்ஃபேட் தேவைப்படலாம். 2002-ல மேக்பைனு ஒரு ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேல பெண்கள்: வலிப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாச்சு. பழைய, எளிய உப்பு. இந்த மெஷின் எல்லாம் சேர்ந்து காப்பாத்தினதை விட அது அதிகம் பேரைக் காப்பாத்தியிருக்கும்னு நான் நினைப்பேன், மெஷின் ஓட்டிச் சம்பளம் வாங்குறவளா இருந்தும்.

மார்ச் 20

"தினமும் ரேஷியோ பார்க்கச் சொல்லலாமா?" வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

2019-ல பாரட்டுன்னு பிரிட்டன் ஆய்வு. பிஎல்ஜிஎஃப் முடிவை டாக்டர்கிட்ட காட்டினப்ப நோயைக் கண்டுபிடிக்க ஆகுற நேரம் 4.1 நாள்லேருந்து 1.9 நாளா குறைஞ்சுது, தாய்க்கு வர்ற கடுமையான பாதிப்பும் குறைஞ்சுது. அருமை. சரி, திரும்பத் திரும்பப் பார்த்தா குழந்தைக்கும் நல்லதா இருக்குமேன்னு அடுத்த ஆய்வு, 2024-ல வந்தது. குழந்தைகளுக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியலை. முதல் தடவை கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்கு. நோய்னு தெரிஞ்சப்புறம் பிரஷர், பிளேட்லெட், கல்லீரல் என்சைம், கிட்னி வேலையைக் காட்டுற கிரியாட்டினின், குழந்தையோட ஸ்கேன், இதுங்கதான் எப்போ பிரசவம்னு முடிவு பண்ணும். ரேஷியோ ரொம்ப ரொம்ப உயரத்துக்குப் போச்சுன்னா நேரம் குறைவுன்னு ஒரு குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

கேட்டவர், மார்ச் 29, இரவு

நெஞ்சுக்குழியில வலின்னு தங்கச்சி சொல்றா. ரத்தம் எடுத்தாங்க. "சாம்பிள் சரியில்லை, மறுபடி எடுக்கணும்"னு லேப்லேருந்து சொல்றாங்களாம். உங்க ரோஸ் கலர் கதை ஞாபகம் வந்து கை கால் ஓடலை.

மார்ச் 29, இரவு, உடனே

நர்ஸ்கிட்ட போய் ரெண்டே கேள்வி கேளுங்க. பிளேட்லெட் எவ்வளவு? டாக்டருக்கு நெஞ்சுக்குழி வலி தெரியுமா? டியூப் நிறத்தைப் பத்தி நீங்க பேச வேண்டாம், வலியைச் சொன்னா அவங்களே பார்த்துக்குவாங்க. இங்கே எழுதிட்டு நிக்காதீங்க.

கேட்டவர், மார்ச் 31

பிளேட்லெட் 88 ஆயிரம். நான் போறதுக்குள்ளயே டாக்டர் ஸ்மியர் கேட்டு, ஆபரேஷன் தியேட்டருக்கும் சொல்லியிருந்தாங்க. நேத்து விடிகாலையில ஆபரேஷன், 34 வாரம் 5 நாள். பெண் குழந்தை, 1.9 கிலோ, தானா மூச்சு விடுறா. தங்கச்சிக்கு மக்னீசியம் ஓடிட்டு இருக்கு, உடம்பெல்லாம் எரியுதுங்கிறா.

மார்ச் 31

எரியும். எனக்கும் எரிஞ்சுது, கொதிக்கிற மாதிரி. ஒரு நாள் கழிச்சு நிறுத்திடுவாங்க. முழங்கால்ல தட்டிப் பார்க்கிறது, யூரின் அளக்கிறது எல்லாம் அந்த மருந்து அதிகமாயிடாம பார்த்துக்கத்தான்.

குட்டிக்கு வாழ்த்து. டிஸ்சார்ஜ் ஆகறப்ப பிரஷர் பார்க்க என்னிக்கு வரணும்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க. 72 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு, அப்புறம் 7-லேருந்து 10 நாளுக்குள்ள ஒண்ணு. மார்ச் 12 எழுதினதைத் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அனுப்பி வைங்க. தங்கச்சிக்கு வேண்டாம், அவ தூங்கட்டும்.

ஏப்ரல் 9

தங்கச்சி வீட்டுல அடுத்த பிரசவத்தைப் பத்தி இப்பவே கேட்கிறாங்களாம். கேட்கட்டும், நல்லதுதான்.

திரும்ப வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். ஆனா இந்தத் தடவை கையில ஒரு ஆயுதம் இருக்கும். 11-லேருந்து 14 வாரத்துக்குள்ள பிரஷர், கர்ப்பப்பைத் தமனி டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன்), ரத்தத்துல பிஎல்ஜிஎஃப், முந்தின பிரசவ விவரம் எல்லாம் சேர்த்து ஆபத்தைக் கணக்குப் போடுவாங்க. ஆபத்து அதிகம்னா ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், 36 வாரம் வரைக்கும். ஆஸ்ப்ரே ஆய்வு, 2017: 37 வாரத்துக்கு முன்னால வர்ற ப்ரீஎக்லாம்சியா 4.3 சதவீதத்துலேருந்து 1.6-க்கு வந்துச்சு. அதுக்கப்புறம் வர்றதை அது பெரிசாக் குறைக்கலை. உங்க தங்கச்சிக்கு முந்தின பிரசவத்துல இது வந்ததே போதும், டாக்டர் கணக்குப் போடாமலே கூட எழுதிக் கொடுக்கலாம். 16 வாரத்துக்கு முன்னாலயே ஆரம்பிக்கணும், அதைத் தவற விடாதீங்க. தானா கடையில வாங்கிப் போடவும் வேண்டாம்.

ரத்தத்துல மிதக்கிற ஆர்என்ஏ-வை (செல்லோட மரபுச் செய்தியைச் சுமக்கிற மூலக்கூறு) வெச்சு இன்னும் சீக்கிரம் சொல்லலாம்னு 2022-ல ரெண்டு ஆய்வு வந்தது. ஆர்வமாப் படிச்சேன். என் பெஞ்சுக்கு வந்தப்புறம் பேசுறேன்.

ஏப்ரல் 10

விட்டுப்போச்சு: ரெண்டு ரேஷியோ ரிப்போர்ட்டையும் ஃபைல்ல வைங்க, மெஷின் பேர் எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லேன்னா லேப்ல கேட்டு எழுதி வாங்குங்க. அதோட எந்த வாரத்துல நோய் வந்தது, எந்த வாரத்துல பிரசவம், பிளேட்லெட் எவ்வளவு வரைக்கும் இறங்கிச்சு, இதையும் ஒரு தாள்ல. அடுத்த பிரசவத்துக்கு மட்டுமில்லை. இந்த நோய் வந்தவங்களுக்குப் பிற்காலத்துல இதய நோய் வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. நாற்பது வயசுல வேற ஒரு டாக்டர் முன்னால உட்காரும்போது "கர்ப்பத்துல பிரஷர் இருந்துச்சா"ன்னு அவர் கேட்க மாட்டார், உங்க தங்கச்சிதான் தாளை எடுத்து நீட்டணும்.